தூர்தர்ஷன் 'கண்' முதல் உங்க யூடியூப் சேனல் வரை... ரெட்ரோ ஐடென்ட் செய்வது எப்படி?

இரண்டு வளைவுகள் சுழன்று சுழன்று வந்து ஒரு கண்ணாக மாறி நிற்கும். பின்னணியில் ஷெனாய். 80ஸ் கிட்ஸ்கிட்ட கேட்டா, கண்ணை மூடிக்கிட்டே 'தூர்தர்ஷன்'னு சொல்லிடுவாங்க! 'நீங்கள் பார்ப்பது இந்த சேனல்' என்று சில நொடிகளில் சொல்லும் இந்தக் குட்டி வீடியோவுக்குப் பெயர்தான் 'ஐடென்ட்'. இன்று யூடியூபர்கள், குறும்பட டீம்கள் எனப் பலருக்கும் ரெட்ரோ ஐடென்ட் மீது ஆசை. ஆனால், விஹெச்எஸ் ஃபில்டரைத் தட்டிவிட்டால் மட்டும் அது ரெட்ரோ ஆகிடாது. பழைய லுக் என்பது பழைய மெஷின்களின் வரம்புகளில் பிறந்தது. அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கையால் செய்த மேஜிக்

தூர்தர்ஷன் சின்னத்தை வரைந்தவர் தேபாஷிஷ் பட்டாச்சார்யா. அப்போது அகமதாபாத் என்.ஐ.டி மாணவர். அதன் பிரதிகளை கேமராவுக்குக் கீழே வைத்து, சுழற்றிச் சுழற்றிப் படமெடுத்து அனிமேஷன் ஆக்கினார் ஆர்.எல்.மிஸ்திரி. இசை, பண்டிட் ரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும். 1976 ஏப்ரல் 1-ல் முதன்முதலாக ஒளிபரப்பானது.

பிபிசி 1-ல் 1985 வரை சுழன்ற உலக உருண்டையும் நிஜமான மாடல்தான். பின்னால் வளைந்த கண்ணாடி, முன்னால் கறுப்பு வெள்ளை கேமரா. கலரை எலெக்ட்ரானிக் முறையில் சேர்த்தார்கள். 1982-ல் பிரிட்டனின் சேனல் 4, வண்ணக் கட்டைகள் பறந்து வந்து '4' ஆகும் ஐடென்ட்டை கம்ப்யூட்டரில் செய்தது. அங்கிருந்து ஸ்டைலே மாறிப்போச்சு.

இப்படிச் செய்யுங்க

1. வருஷத்தை முடிவு பண்ணுங்க: 70-களின் ஸ்டைல் என்றால் தட்டையான வடிவங்கள், இரண்டு மூன்று கலர்கள் போதும். 80-கள் என்றால் பளபள உலோக எழுத்துகள், பறக்கும் 3டி. ரெண்டையும் கலக்காதீங்க. கோடு கோடாக ஓடுவது டேப்பின் பிரச்னை. நேரடி ஒளிபரப்பில் அது இருக்காது.

2. ஃப்ரேம்: 4:3 அளவு. பழைய டிவிகளில் ஓரம் வெட்டுப்படும் என்பதால் லோகோவை நடுவில் வைப்பார்கள். நீங்களும் அப்படியே வையுங்க.

3. வேகம்: நொடிக்கு 24 ஃப்ரேம். ஆனால், ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துங்க. அதாவது நொடிக்கு 12 படங்கள்தான். கையால் செய்த அனிமேஷனின் அந்த லேசான 'தடக்' இங்கிருந்துதான் வருது.

4. கலர் கசிவு: அனலாக் டிவியில் வெளிச்சம் கூர்மையாக வரும், கலர் கொஞ்சம் வழியும். லேயரை டூப்ளிகேட் செய்து, மேல் லேயரை மட்டும் ப்ளர் பண்ணி, 'கலர்' ப்ளெண்ட் மோடில் வையுங்க.

5. சத்தம்: நாலைந்து ஸ்வரங்கள் போதும். லோகோ நிற்கும் ஃப்ரேமிலேயே கடைசி ஸ்வரமும் விழணும். பழைய சேனல்களின் ட்யூனை அப்படியே எடுத்தால் காப்பிரைட் சிக்கல் வரலாம். சொந்தமா போடுங்க.

மொத்த நீளம் 5 நொடிக்குள் இருக்கட்டும். 3டி-க்கு இலவச மென்பொருளான பிளெண்டர் போதும்; மொபைல் மட்டும்தான் இருக்கு என்றால் அலைட் மோஷன் ஆப்பில் ஆரம்பிக்கலாம்.

முடிச்சதும் ஒரு டெஸ்ட். சேனல் பெயரை மறைச்சுட்டு நண்பர்கிட்ட காட்டுங்க. 'நல்லா பழசா இருக்கு'ன்னு மட்டும் சொன்னா, அது வெறும் ஃபில்டர். 'இது உன்னோடதுதானே?'ன்னு கேட்டா, உங்க ஐடென்ட் ரெடி!