மாடப்புறாவும் மாடி வீடும்

அம்பத்தூரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், கழிவுநீர்க் குழாய்கள் இறங்கும் குறுகலான சந்து ஒன்று உண்டு. கட்டடக்காரர்கள் அதை ‘டக்ட்’ என்பார்கள். சுற்றிலும் சுவர், வெயில் எட்டிப் பார்ப்பதில்லை. சென்ற கோடை விடுமுறையில், அங்கே விரற்கனத்துக்குப் படிந்து காய்ந்திருந்த புறா எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளினேன். வெண்புழுதி புகைபோல் எழுந்தது. மூக்கைத் துணியால்கூட மூடிக்கொள்ளவில்லை. பௌதிகம் கற்பிக்கும் நான் செய்தது எத்தகைய தவறு என்பதைப் பின்னர் படித்தே அறிந்தேன். அதை நீங்களும் செய்யாதிருக்கவே இக்கட்டுரை.

பாறையிலிருந்து மாடத்துக்கு

மாடப்புறா என்னும் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். காக்கையைப் போல் மரத்தில் கூடு கட்டும் பறவையன்று இது. இதன் மூதாதையர் செங்குத்தான பாறைகளின் விளிம்புகளிலும் குகைவாய்களிலும் வாழ்ந்தவர்கள். ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பே மேற்கு ஆசியாவில் மனிதன் இதைப் பழக்கிவிட்டான். முதலில் இறைச்சிக்காகவும், பிறகு செய்தி கொண்டு செல்லவும் வளர்த்தான். அவனிடமிருந்து தப்பியவை பாறைக்குப் பதிலாகக் கோபுர மாடங்களில் குடியேறின.

1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் எழுந்தபோது, இப்பகுதியில் வயல்களும் ஏரிகளும் ஓட்டு வீடுகளும் மிகுந்திருந்தன. சரிவான ஓட்டுக் கூரையில் சிட்டுக்குருவிக்கு இடம் உண்டு. புறாவுக்கு வசதி இல்லை. இன்று பூந்தமல்லி வரை அடுக்குமாடிகள். ஏ.சி. பெட்டி வைக்கும் சிமெண்டுப் பலகையும் ஜன்னல் மேல்தளமும் புறாவின் கண்ணுக்குப் பாறை விளிம்புகளே. குன்றைக் கட்டிக் கொடுத்தவர்கள் நாம். புறாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

1965: இரண்டு கண்டுபிடிப்புகள்

பௌதிக மாணவர்கள் ஒரு புறாக் கதையை அறிவார்கள். அமெரிக்காவில் ஹோம்டெல் என்னுமிடத்தில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் இருவரும் கொம்பு வடிவ ஆன்டெனா ஒன்றில், காரணம் தெரியாத ஓர் இரைச்சலைக் கேட்டனர். உள்ளே புறாக்கள் தங்கி எச்சமிட்டிருந்தன. அதுவே காரணமோ என்று ஐயுற்றுப் புறாக்களை அகற்றி, எச்சத்தையும் துடைத்தனர். இரைச்சல் போகவில்லை! பிரபஞ்சம் முழுதும் நிறைந்துள்ள பின்னணிக் கதிர்வீச்சே அது என்பது 1965-ல் வெளியாயிற்று. 1978-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பௌதிகத்தில் எச்சம் குற்றமற்றதாயிற்று. மருத்துவத்திலோ கதை வேறு. அதே 1965-ல் ரீட், சோஸ்மன், பார்பி என்னும் அமெரிக்க மருத்துவர்கள், புறா வளர்ப்போரைத் தாக்கும் புதிய நுரையீரல் நோய் ஒன்றை விவரித்தனர். காய்ந்த எச்சத்திலும் இறகுத் தூளிலும் உள்ள புரதங்கள் மூச்சோடு உட்புகும்போது, சிலருடைய உடல் அவற்றைப் பகையாகக் கருதிப் போரிடுகிறது. அப்போரில் நுரையீரலே புண்படுகிறது. ஆண்டுக்கணக்கில் நீடித்தால் தழும்பேறி விறைத்துப் போகும். பின்னர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது.

இதற்கு முன்பே, 1955-ல், செஸ்டர் எம்மன்ஸ் என்பவர் பழைய புறாக் கூடுகளிலும் எச்சத்திலும் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையைக் கண்டறிந்திருந்தார். நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்கு இது மூளையுறை அழற்சியை உண்டாக்க வல்லது. புறாவுக்கோ இதனால் பொதுவாக நோய் வருவதில்லை. அதன் உடல் வெப்பம் நம்முடையதைவிட மிகுதி.

நம் நாட்டு நிலை என்ன? 19 நகரங்களில் 1,084 நோயாளிகளை ஆராய்ந்து 2017-ல் வெளியான அறிக்கையின்படி, நுரையீரல் திசு நோயுற்றவர்களில் 47 விழுக்காட்டினருக்கு இத்தகைய ஒவ்வாமை வகையே இருந்தது. ஏர்கூலரில் வளரும் பூஞ்சை முதலிடம் பெற்றாலும், பறவைகளும் காரணங்களுள் அடங்கும். 2025-ல் மும்பையில், புறாக்களுக்குத் தீனியிடும் கபூதர்கானாக்களை மூட மாநகராட்சி முற்பட்டதும் இந்த அச்சத்தால்தான்.

துடைப்பம் ஏன் ஆகாது?

இங்கே ஒரு சிறு கணக்கு. மூன்று மைக்ரான் குறுக்களவுள்ள தூசித் துகள், அசைவற்ற காற்றில் நொடிக்குக் கால் மில்லிமீட்டர் அளவே இறங்கும். நம் மூக்கின் உயரமான ஒன்றரை மீட்டரிலிருந்து தரையைத் தொட ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும்! இவ்வளவு நுண்ணிய துகள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்லக்கூடியது. ஆகவே நான் பெருக்கி முடித்து அறைக்குத் திரும்பிய பிறகும் சந்தில் புழுதி மிதந்துகொண்டுதான் இருந்திருக்கும். எங்கள் சந்தைப் பார்த்துத் திறக்கும் குளியலறை ஜன்னல்கள் எத்தனையோ!

சேதம் மூச்சோடு நிற்பதில்லை. எச்சத்திலுள்ள அமிலங்களும் உப்புகளும் ஈரத்தோடு சேர்ந்து இரும்புக் கம்பியை அரிக்கின்றன, ஏ.சி.யின் அலுமினியத் தகடுகளைக் கெடுக்கின்றன. சுள்ளியும் இறகும் மழைநீர்க் குழாயை அடைக்கின்றன.

செய்யத் தக்கது என்ன? முதலில் எச்சத்தைச் சோப்புநீர் தெளித்து நன்கு ஊறவிடுங்கள். நனைந்த துகள் பறக்காது. என்-95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சுரண்டி எடுத்து, உறையிலிட்டுக் கட்டிவிடுங்கள். குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் அப்பால் அனுப்பிவிடுங்கள். பிறகு சந்தின் வாயில் வலை கட்டுங்கள். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் பொறுங்கள்: முட்டை பொரிக்கப் பதினெட்டு நாள், குஞ்சு பறக்க மேலும் ஒரு மாதம். புறாவைக் கொல்ல வேண்டியதில்லை. விளிம்பை மூடினால் அது வேறிடம் தேடிக்கொள்ளும்.

எல்லோருக்கும் நோய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஆனால் வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும், “எங்கள் வீட்டில் புறா அடைகிறது” என்று நீங்களே சொல்லுங்கள். நோயைக் காலத்தோடு கண்டுபிடிக்க அந்த ஒரு வரி உதவக்கூடும்.