அமெரிக்கப் புரூஃப் நாணயத் தொகுதிகள்

அமெரிக்கப் புரூஃப் நாணயத் தொகுதிகள் என்பவை அமெரிக்க அரசின் நாணயச்சாலை சேகரிப்பாளர்களுக்காகத் தனிக் கவனத்துடன் அச்சிட்டு விற்ற நாணயங்களின் ஆண்டுத் தொகுதிகள். இவை புழக்கத்திற்காக அச்சிடப்பட்டவை அல்ல. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதித் தொகுதியில் ஒரு சென்ட், ஐந்து சென்ட், பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் என ஐந்து நாணயங்கள் இருக்கும். அவற்றின் முகமதிப்பு 91 சென்ட். 1936 முதல் 1964 வரை ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் உருவானவற்றைச் சேகரிப்பாளர்கள் பழந்தொகுதிகளாகப் போற்றுகின்றனர். இத்துறையில் ஒரு முரண் உண்டு. தொகுதியிலுள்ள ஒரு நாணயத்தின் தரத்தைச் சான்றுடன் உறுதிசெய்ய வேண்டுமானால் தொகுதியையே பிரிக்க வேண்டும்.

புரூஃப் என்பதன் பொருள்

புரூஃப் என்பது தயாரிப்பு முறையின் பெயர். அது நாணயத்தின் நிலையைக் குறிக்கும் சொல் அல்ல. மெருகேற்றிய அச்சுகளுக்கு இடையே மெருகேற்றிய உலோக வில்லையை வைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி இந்நாணயம் உருவாக்கப்படுகிறது. இதனால் நாணயத்தின் வெற்றுப்பரப்பு கண்ணாடிபோல் பளபளக்கும். உருவமும் எழுத்தும் விளிம்பும் கூர்மையாக எழும்பி நிற்கும். தவறிப் புழக்கத்திற்குச் சென்று தேய்ந்த புரூஃப் நாணயமும் புரூஃப் நாணயமே. சாதாரண நாணயம் எவ்வளவு புதிதாக மின்னினாலும் புரூஃப் ஆகிவிடாது.

தொடக்க வரலாறு

அமெரிக்க நாணயச்சாலை 1792-இல் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் புரூஃப் நாணயங்கள் சிறு எண்ணிக்கையில், பெரும்பாலும் முக்கியப் பிரமுகர்களுக்காகவும் நாணயச்சாலைக்கு நெருக்கமானவர்களுக்காகவும் அடிக்கப்பட்டன. அவற்றுள் புகழ்பெற்றது 1834-இல் உருவான அரச பரிசுத் தொகுதி. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் ஆட்சியில் எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற தூதர் மஸ்கட் சுல்தானுக்கும் சயாம் அரசருக்கும் இத்தொகுதிகளைக் கொண்டுசென்றார். அவற்றில் 1804 என ஆண்டு பொறித்த வெள்ளி டாலரும் இருந்தது. 1804-இல் நாணயச்சாலை அடித்த டாலர்களில் முந்தைய ஆண்டுகளே பொறிக்கப்பட்டிருந்தன. ஆகவே 1804 என்ற ஆண்டு பொறித்த டாலர் முதன்முதலில் உருவானது இப்பரிசுக்காக, முப்பது ஆண்டுகள் கழித்துத்தான். மஸ்கட் சுல்தானுக்குச் சென்றதாகக் கருதப்படும் டாலர் 2021-இல் 76.8 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

1858-இல் நாணயச்சாலை இயக்குநர் ஜேம்ஸ் ராஸ் ஸ்னோடன் புரூஃப் நாணயங்களைப் பொதுமக்களுக்கு முறையாக விற்கத் தொடங்கினார். பரிசுப்பொருளாக இருந்தது இவ்வாறு விற்பனைப்பொருள் ஆனது.

நிறுத்தமும் மீட்சியும்

1908-க்குப் பின் பொன் நாணயங்களும், அடுத்து லிங்கன் சென்ட், எருமை உருவ ஐந்து சென்ட் ஆகியவையும் பளபளப்பற்ற சொரசொரப்பான புரூஃப் வடிவில் வெளியாயின. கண்ணாடிப் பளபளப்புக்குப் பழகிய சேகரிப்பாளர்கள் அவற்றை விரும்பவில்லை. விற்பனை குறைந்து, 1916-உடன் புரூஃப் தயாரிப்பு நின்றது.

1936-இல் அது மீண்டும் தொடங்கியது. அப்போது நாணயங்கள் தனித்தனியாகவே விற்கப்பட்டன. அந்த ஆண்டு 5,569 புரூஃப் சென்ட்கள் விற்றன. கால் டாலரோ 3,837 மட்டுமே. எனவே 1936-க்கு 3,837-க்கு மேல் முழுத் தொகுதிகள் இருக்க வழியில்லை. ஐந்தையும் வாங்கியவர்களே அவற்றைத் தொகுதியாக்கினர். 1942-இல் போர்க்காலத் தேவைக்காக ஐந்து சென்ட் நாணயத்தில் நிக்கலுக்குப் பதில் வெள்ளி கலந்த உலோகம் பயன்பட்டது. இதனால் அவ்வாண்டுத் தொகுதியில் ஆறு நாணயங்கள் அமைந்தன. அதன்பின் போரினால் தயாரிப்பு மீண்டும் நின்றது.

1950-இல் 2.10 டாலர் விலையில் முழுத் தொகுதியாக விற்பனை தொடங்கியது. அவ்வாண்டு 51,386 தொகுதிகள் விற்றன. 1957-இல் இது 12,47,952 ஆகவும், கென்னடி அரை டாலர் அறிமுகமான 1964-இல் 39,50,762 ஆகவும் உயர்ந்தது. 1965 முதல் 1967 வரை புரூஃப் தொகுதிகள் வெளிவரவில்லை. 1968-இல் தயாரிப்பு சான் பிரான்சிஸ்கோவுக்கு மாறியது.

பொதிகளும் பாதிப்புகளும்

1950 முதல் 1955-இன் நடுப்பகுதி வரை ஒவ்வொரு நாணயமும் தனித்தனி செல்லோஃபேன் பையில் இடப்பட்டது. ஐந்து பைகளும் ஸ்டேப்ளர் பின்னால் இணைக்கப்பட்டு, சிறு அட்டைப்பெட்டியில் அடைக்கப்பட்டன. காலப்போக்கில் பின் துருப்பிடித்தது. பையும் தாளும் வெள்ளி நாணயங்களில் மங்கலான படலத்தையும், செம்புச் சென்ட்டில் கரும்புள்ளிகளையும் உண்டாக்கின. நாணயத்தைக் காக்க வைத்த உறையே அதைக் கெடுத்தது. 1955-இல் நாணயங்களைத் தனித்தனி அறைகளில் அடைத்துச் சூடாக்கி ஒட்டிய தட்டையான நெகிழிப் பொதி வந்தது. அது ஒரு தாள் உறைக்குள் இருக்கும். இப்பொதியிலுள்ள நாணயங்கள் ஒப்பீட்டளவில் நன்றாக இருந்தாலும், காற்று புகுந்தவை மங்கின.

படலத்தைத் துணியால் துடைத்து நீக்க முயல்வது பொதுவான தவறு. கண்ணாடிப் பரப்பில் மெல்லிய துணி பட்டாலும் மயிரிழைக் கீறல்கள் விழும். அவை மறையாது.

கேமியோ

அச்சின் குழிவான பகுதிகளில் சொரசொரப்பு இருந்தால், நாணயத்தின் உருவம் பனி படர்ந்ததுபோல் வெண்மையாகவும் பின்புலம் கருங்கண்ணாடிபோலவும் தோன்றும். இந்த வேறுபாடு கேமியோ எனப்படுகிறது. ஒவ்வொரு அழுத்தத்திலும் அச்சின் சொரசொரப்பு தேய்ந்துவிடும். ஆகவே 1950, 1960-களின் அச்சுகளில் தொடக்கத்தில் அடித்த நாணயங்களில் மட்டுமே இது வலுவாக இருக்கும். 1970-களில் தொழில்நுட்பம் முன்னேறிய பின் இது வழக்கமான தோற்றமாகிவிட்டது. எனவே 1950-களின் ஆழ்ந்த கேமியோ ஃபிராங்க்ளின் அரை டாலர் அரியது. அண்மைக்கால நாணயத்தில் அதே தோற்றம் இயல்பானது.

தர மதிப்பீடு

வில்லியம் ஷெல்டன் 1949-இல் பழைய அமெரிக்கப் பெரிய சென்ட்களுக்காக 1 முதல் 70 வரையிலான அளவுகோலை வெளியிட்டார். விலையையும் நிலையையும் இணைப்பது அவர் நோக்கம். நாளடைவில் விலைக்கணக்கு பொருந்தாமல் போனது. எண்கள் மட்டும் எல்லா நாணயங்களுக்கும் பரவின. புரூஃப் நாணயங்களுக்கு 60 முதல் 70 வரையிலான எண்களே முக்கியம். அதற்குக் கீழே பழுதுபட்ட புரூஃப். ஐந்து மடங்கு உருப்பெருக்கத்திலும் குறை தெரியாததே 70.

1986-இல் பி.சி.ஜி.எஸ்., 1987-இல் என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் தொடங்கின. இவை நாணயத்தை ஆராய்ந்து, எண்ணும் கேமியோ குறிப்பும் இட்டு, திறந்தால் தடயம் தெரியும் கெட்டி நெகிழிக் கூட்டில் அடைக்கின்றன. மதிப்பீட்டாளர் விளக்கொளியில் நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றி மயிரிழைக் கீறல், புள்ளி, படலம் ஆகியவற்றைத் தேடுகிறார். கேமியோ குறிப்பு கிடைக்க இரு பக்கங்களிலும் பனித்தோற்றம் இருக்க வேண்டும். சென்ட்டில் செந்நிறம் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதும் குறிக்கப்படும்.

பிரித்தலும் காத்தலும்

தரச்சான்று சேகரிப்பாளருக்குப் பாதுகாப்பு அளித்தது. விற்பவரின் சொல்லை மட்டுமே நம்பி வாங்கும் நிலை மாறியது. ஆனால் ஒரு ஆழ்ந்த கேமியோ அரை டாலரின் விலை, மற்ற நான்கையும் சேர்த்த விலையைவிடப் பலமடங்கு உயரக்கூடும். எனவே வணிகர்கள் பொதிகளை வெட்டி அரை டாலரை எடுத்தனர். மீதி நாணயங்கள் சிதறின. வெள்ளி விலையும் இதற்குத் துணை நின்றது. ஒரு தொகுதியின் மூன்று வெள்ளி நாணயங்களில் சுமார் 0.61 ட்ராய் அவுன்ஸ் வெள்ளி உண்டு. 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியபோது, 2.10 டாலருக்கு வாங்கிய தொகுதியில் முப்பது டாலர் அளவுக்கு வெள்ளி இருந்தது. ஆகவே 39 லட்சம் என்பது 1964-இல் விற்ற எண்ணிக்கை மட்டுமே. இன்று முழுதாக எஞ்சியவற்றின் எண்ணிக்கை அதுவன்று.

பிரிக்காத தொகுதி என்று விற்கப்படுபவை எல்லாம் பிரிக்காதவை அல்ல. பெட்டியின் ஒட்டுத்தாளை மாற்றி ஒட்டலாம். நல்ல நாணயத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். ஐந்து நாணயங்களும் ஒரேவிதமாக நிறம் மாறியிருப்பது அவை நெடுங்காலம் ஒன்றாகவே இருந்ததற்கான அடையாளங்களுள் ஒன்று.

தனி நாணயம் அச்சு எவ்வளவு நன்றாக அடித்தது என்பதைக் காட்டும். துருப்பிடித்த பின்னும் பழுத்த உறையும் உள்ள முழுத் தொகுதி, அந்த நாணயங்கள் மக்கள் கைக்கு எப்படி வந்தன என்பதையும் சேர்த்துக் காட்டும். வெட்டிய பொதியை மீண்டும் ஒட்டித் தொகுதியாக்க முடியாது. எனவே பிரிப்பது தவிர்க்க முடியாததாகும்போது, முன்னதாகப் படமெடுத்து வைப்பதும் பெட்டி, பை, தாள் ஆகியவற்றை நாணயங்களிலிருந்து தனியே பாதுகாப்பதும் சேகரிப்பாளரின் பொறுப்பாகின்றன.