புளோக் எண்ணுக்குக் கீழே இருந்த கடைகள்
கிளமெண்டி நகரின் எழுதப்படாத வரலாறு

விழா மலர் என்றாலே பழைய கட்டடத்தின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று முதல் பக்கங்களில் இருக்க வேண்டும். கிளமெண்டிக்கு மலர் போடுகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவில் இருப்பதுபோல நூற்றாண்டு கண்ட கடைவீடுகளோ மண்டபங்களோ இங்கே இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1970களின் நடுவில் எழுப்பத் தொடங்கிய நகரம் இது. ஆனாலும், வெளிநாட்டில் வேலைக்குப் போய்ப் பல ஆண்டு கழித்துத் திரும்புகிற ஒருவர் தம் பழைய புளோக்கைத் தேடித் திகைக்கும் அளவுக்கு, இந்த இளம் நகரமும் மாறிவிட்டது.

நகரம் வருமுன்

இன்றைய கிளமெண்டி ரோட்டுக்கு 1947 வரை ரிஃபார்மட்டரி ரோடு என்று பெயர். அந்த வழியில் இருந்த சிறுவர் சீர்திருத்தப் பள்ளியால் வந்த பெயர் அது. பிறகு ஆங்கிலேய ஆளுநரின் பெயரைச் சாலைக்குச் சூட்டினார்கள். நகரமும் அதையே எடுத்துக்கொண்டது.

நகருக்கு முன்பே இப்பக்கம் தமிழரைக் கொண்டுவந்தது ரயில். 1932இல் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டபோது மலாயா ரயில்வேயின் தண்டவாளம் புக்கிட் தீமா, குவீன்ஸ்வே வழியாகத் திருப்பி விடப்பட்டது. தண்டவாளப் பராமரிப்பு வேலையில் தமிழர்கள் நிறைந்திருந்தார்கள். குவீன்ஸ்வே பக்கம் அவர்கள் அதே 1932இல் எழுப்பிய சிறு வழிபாட்டிடம்தான், 1998இல் காமன்வெல்த் டிரைவில் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயமாக வளர்ந்தது. 1960களில் ஜூரோங் தொழிற்பேட்டைக்காகப் போடப்பட்ட சரக்கு ரயில் கிளை கிளமெண்டி வழியாகவே சென்றது. 1990களின் தொடக்கத்தில் அது நின்றுபோனது. உலு பாண்டான் ஆற்றின் மேலுள்ள அதன் இரும்புப் பாலத்தை நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம்.

நகர மையம்

வீடுகள் எழுந்ததும் மையமும் உருவானது. 448ஆம் புளோக்கின் ஈரச்சந்தையும் உணவங்காடியும், பேருந்து முனையமும், எம்பிரஸ், காமன்வெல்த் என்ற திரையரங்குகளும் நடக்கும் தூரத்தில் அமைந்தன. அக்காலத்தில் சிங்கப்பூர்த் திரையரங்கு வாசல் என்றால் தமிழர் ஒருவர் விற்கும் கச்சாங் பூத்தே இல்லாமல் இராது. பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கடலையும் பட்டாணியும் முறுக்குத் துண்டும் கலந்து தருவார்கள். பேரரங்குகளின் காலம் முடிந்தபோது அந்தத் தொழிலும் அநேகமாக முடிந்துவிட்டது.

1988 மார்ச் 12இல் எம்ஆர்டி ரயில் கிளமெண்டி வரை வந்தது. அடுத்த பெரிய மாற்றம் 2011இல். கிளமெண்டி மால் திறந்தது. ஏப்ரலில் பொது நூலகமும் நவம்பரில் பேருந்து முனையமும் அந்த ஒரே கட்டடத்துக்குள் வந்து சேர்ந்தன. திரையரங்குகள் இருந்த இடங்களில் இப்போது கடைத்தொகுதிகள். இந்தத் தேதிகளை அரசு ஆவணங்களில் எவரும் எடுத்துவிடலாம். எடுக்க முடியாதவை கடைகளின் கதைகள்.

மாமாக்கடை

அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்துச் சுவரை ஒட்டி ஒரு சிறு கடை. பெரும்பாலும் கடையநல்லூர், தென்காசி, நாகப்பட்டினம், இராமநாதபுரம் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் நடத்தியவை. சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் கடைக்காரரை 'மாமா' என்றே கூப்பிடும். ரொட்டி, சிகரெட், குளிர்பானம், தலைவலி மாத்திரை, நாட்டுக்கொடி போட்ட அழிப்பான், அதிர்ஷ்டம் பார்க்கும் டீக்காம் அட்டை எல்லாம் அந்த இடுக்குக்குள் இருக்கும். கயிற்றில் தொங்கும் சீன, மலாய், ஆங்கிலத் தாள்களுக்கு நடுவே 'தமிழ் முரசு'. கடன் வைத்தால் '555' சின்ன நோட்டில் ஏறும். சம்பளம் வந்ததும் கோடு போட்டு அடிக்கப்படும். விடியுமுன் திறந்து நள்ளிரவில் மூடுவதால், வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போவதற்கும் அதுவே இடம்.

இக்கடைகள் ஒரே காரணத்தால் மறையவில்லை. பேரங்காடிகளும் இருபத்துநான்கு மணி நேரக் கடைகளும் பெருகின. பத்திரிகை வாங்குவது குறைந்தது. சிகரெட்டைக் கண்ணில் படும்படி வைக்க 2017 முதல் தடை வந்தது. படித்த பிள்ளைகள் பதினெட்டு மணி நேரக் கல்லாவில் உட்கார விரும்பவில்லை, அப்பாக்களும் விரும்பவிடவில்லை. போதாததற்கு, 1995இல் அறிமுகமான ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தில் புளோக்குகளே போயின. வெஸ்ட் கோஸ்ட் ரோட்டின் 513 முதல் 520 வரையான புளோக்குகள் 2016இல் தேர்வாயின. குடியிருந்தவர்களுக்கு மாற்று வீடு உண்டு. கீழ்த்தளத்து வாடிக்கைக்கு மாற்று ஏது?

1989இன் இரண்டு முடிவுகள்

இக்கடைகளின் கதை ஏன் எழுதப்படவில்லை என்று பார்த்தால், சிங்கப்பூர்த் தமிழர் நினைவைப் பொறுத்தவரை 1989 முக்கியமான ஆண்டு. மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் எல்லா இனத்தாரும் வீதாசாரப்படி இருக்க வகை செய்தது. கம்பத்தை விட்டும் தோட்டக் குடியிருப்பை விட்டும் வந்து ஏற்கெனவே பரவியிருந்த தமிழர்கள், இனி எந்தப் புதுநகரிலும் ஓரிடத்தில் திரளப் போவதில்லை என்றானது. அதே ஆண்டு ஜூலையில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. வாழ்க்கை பரவியே இருக்கும் என்று உறுதியான அதே ஆண்டில், நினைவுக்கு ஓரிடம் குறிக்கப்பட்டது.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேக்காவின் பழைய சந்தைக் கட்டடம் 1982இல் இடிபட்டது, அங்கே வணிகர் பி. கோவிந்தசாமிப் பிள்ளையின் பிஜிபி கடைகள் 1990களின் இறுதியில் மூடப்பட்டன. அந்த இரண்டையும் பற்றிப் பேசவும் எழுதவும் ஆள் இருக்கிறது. கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையமும் இருக்கிறது. ஆனால் கிளமெண்டித் தமிழர் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே தேக்காவுக்குப் போனார்கள். மற்ற ஆறு நாளும் அவர்கள் அரிசி வாங்கியது, முடி வெட்டியது, பரோட்டா தின்றது, ஊருக்குப் பணம் அனுப்ப யோசனை கேட்டது எல்லாம் இங்கேதான். அந்த ஆறு நாளைப் பற்றி எழுதி வைத்தவர் மிகக் குறைவு.

இனி செய்ய வேண்டியது

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் சாதாரண மக்களின் குரல்களையும் பதிவு செய்துவருகிறது. நாம் அவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. இந்த மலரைப் புரட்டும் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு தாளில் ஐந்து விவரம் எழுதினால் போதும்: கடையின் பெயர், புளோக் எண், ஏறத்தாழ இருந்த ஆண்டுகள், என்ன விற்றார்கள், நடத்தியவர் எந்த ஊர்க்காரர். கடைப்பெயர் போட்ட நாள்காட்டியோ ரசீதோ 555 நோட்டோ இருந்தால் படம் எடுத்துச் சேர்க்கலாம். அந்தக் கடைக்காரர்களில் பலர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அடுத்த மலர் வரை அவர்களைக் காத்திருக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை.