தொட்டிச் செடியில் இலை மஞ்சளாகுதா? உரம் போடும் முன் இதைக் கவனிங்க!

நர்சரியில் வாங்கும்போது பளபளவென்று இருந்த ரோஜாச் செடி, மாடிக்கு வந்த இரண்டே மாதத்தில் மஞ்சளாகி நிற்கும். உடனே கடைக்குப் போய் ஒரு பாக்கெட் உரம். அதுக்கும் சரியாகலையா? இன்னொரு பாக்கெட். இப்படி உரம் போட்டுப் போட்டே செத்துப்போகும் செடிகளுக்கு மாடித் தோட்டங்களில் குறைவில்லை. செடிக்கு என்ன சத்து குறைகிறது என்பதை இலையைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். எப்படி?

பாக்கெட் மண்ணில் என்ன இருக்கு?

'பாட்டிங் மிக்ஸ்' என்ற பெயரில் விற்கப்படும் கலவையில் பல நேரம் மண் ரொம்பக் குறைவு. கோகோபீட் எனப்படும் தென்னை நார்க்கழிவுதான் அதிகம். கூடவே மண்புழு உரம், சிலவற்றில் பெர்லைட். எடை குறைவு, தண்ணீரையும் பிடித்து வைக்கும். ஆனால் கோகோபீட்டில் சாம்பல் சத்தைத் தவிர பெரிதாகச் சத்து கிடையாது. கலந்திருக்கும் உரமும் ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறிவிடும்.

சரியாகக் கழுவாத கோகோபீட்டில் உப்பும் இருக்கும். அது கால்சியம், மெக்னீசியம் இரண்டையும் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். கலவை சரியாக மக்கவில்லை என்றால், அதை மக்க வைக்கும் நுண்ணுயிரிகளே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். பை நிறைய 'உரமண்' இருந்தும் செடி பட்டினி கிடப்பது இதனால்தான்.

பழைய இலையா, புது இலையா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்து புதுத் துளிருக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலைகளில்தான் முதலில் தெரியும். இரும்பு, கால்சியம் அப்படி நகராது. அதனால் அறிகுறி நுனித் துளிரில் தெரியும்.

அடி இலை முழுசா வெளிறி மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். இலை ஓரம் மட்டும் காய்ந்து கருகினால் சாம்பல் சத்து என்று சந்தேகப்படலாம். ஆனால் உப்பு அதிகமானாலும் ஓரம் கருகும்.

அதே 'நரம்பு பச்சை, இடையில் மஞ்சள்' துளிர் இலையில் வந்தால் அது இரும்புச்சத்து விஷயம். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் ரோஜா, செம்பருத்தி, மல்லிகையில் இது சகஜம். அங்கே மண்ணில் இரும்பு இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. கடினத்தன்மையுள்ள தண்ணீர் மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடுவதால், வேரால் இரும்பை எடுக்க முடியாது. இந்த நிலையில் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவது நிலைமையை மோசமாக்கத்தான் செய்யும். ஏனென்றால் அதுவும் சுண்ணாம்புதான்.

உரம் வாங்கும் முன் வேரைப் பாருங்க

தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் இலை மஞ்சளாகும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். எப்போதும் சொதசொதவென்று இருந்தால் செடியை மெதுவாகத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்க்கலாம். வெள்ளையாக இருந்தால் நல்ல வேர். பழுப்பாகி, நாற்றம் அடித்தால் அழுகல். அந்தச் செடிக்கு உரம் போட்டால் கதை முடிந்தது.

தொட்டி விளிம்பிலும் மண் மேலேயும் வெள்ளைப் படலம் இருக்கிறதா? அது உப்பு. கையில் டிடிஎஸ் மீட்டர் இருந்தால், ஊற்றும் தண்ணீரையும் அடித்துளையில் வடியும் தண்ணீரையும் அளந்து பாருங்கள். வடிவது பல மடங்கு அதிகமாகக் காட்டினால் உரத்தை நிறுத்திவிட்டு, முடிந்தால் மழைநீரால், அடியில் வழிந்து ஓடும்வரை இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும்.

மிளகாய் இலை சுருண்டால் பலரும் சத்துக் குறைவு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது இலைப்பேன், சிலந்திப்பேன் அல்லது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் வேலை. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள்.

தக்காளி அடி கறுக்குதா?

இதற்கு எப்சம் சால்ட் போடச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததுதான் இங்கே பிரச்னை. எப்சம் சால்ட்டில் இருப்பது மெக்னீசியம். அது கால்சியத்தோடு போட்டி போடும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றும் பழக்கத்தை மாற்றினாலே அடுத்து வரும் காய்கள் பெரும்பாலும் தேறிவிடும்.

சந்தேகம் தீரலையா?

ஒரு கிளையில் மட்டும் சோதிக்கலாம். மெக்னீசியம் என்று சந்தேகப்பட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் எப்சம் சால்ட் கரைத்து, மாலை நேரத்தில் தெளிக்கலாம். இரும்பு என்றால் 'செலேட்' வடிவ இரும்பு உரத்தை, பாக்கெட்டில் சொன்ன அளவில் தெளிக்கலாம். பத்து நாள் பொறுத்து, தெளித்த கிளையையும் தெளிக்காத கிளையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரொம்ப மஞ்சளாகிவிட்ட பழைய இலை மறுபடி பச்சையாகாது. அதைப் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யலை என்று இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட வேண்டாம். அடுத்து வரும் துளிரைப் பாருங்கள்.