ஈதர்: பண்புகளை ஒவ்வொன்றாக இழந்த ஊடகம்

1887இல் மைக்கெல்சனும் மோர்லியும் செய்த சோதனையோடு, ஒளி பரவும் ஊடகமாகக் கருதப்பட்ட ஈதர் பற்றிய கொள்கை மடிந்தது என்றே பாடநூல்கள் பலவும் சொல்கின்றன. வரலாறு அதற்கு இடந்தரவில்லை. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஐரோப்பாவின் தலைசிறந்த இயற்பியலாளர்கள் ஈதரை வைத்தே கணக்கிட்டார்கள். அதன்மீது ஏற்றப்பட்ட பண்புகள் ஒவ்வொன்றாகக் கழன்ற நீண்ட நிகழ்வே அதன் மறைவு என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

அரிஸ்டாட்டிலின் ஈதர் எதையும் சுமந்து செல்லும் ஊடகமாக இருக்கவில்லை. மண், நீர், காற்று, தீ ஆகிய நான்கும் இயல்பாகவே மேலோ கீழோ நேர்கோட்டில் செல்பவை. விண்பொருள்களோ வட்டத்தில் சுழல்கின்றன. ஆகவே அவை தோற்றமும் அழிவும் இல்லாத வேறொரு பொருளால் ஆனவை என்று அவர் முடிவுகட்டினார். மண்ணுக்கும் விண்ணுக்கும் இடையிலான இந்தப் பிரிவை 1644இல் தெக்கார்த் அழித்தார். வெற்றிடமே இல்லை, நுண்பொருளின் சுழல்களே கோள்களை இழுத்துச் செல்கின்றன என்றார் அவர். 1690இல் ஹைகன்ஸ் எழுதிய ஒளியியல் நூலில் ஈதர் ஒளி பரவுவதற்கான ஊடகமாயிற்று.

உண்மையான நெருக்கடி ஃபிரெனெலிடம் தொடங்குகிறது. ஒளி குறுக்கலை என்று 1821இல் அவர் முடிவுக்கு வந்தார். பாய்மத்தின் உட்பகுதியில் அத்தகைய அலை பரவாது. அதற்கு விறைப்புள்ள திண்மம் வேண்டும். அப்படியானால் கோள்கள் தடையின்றி அதனுள் செல்வது எப்படி? விரைந்த அதிர்வுக்குத் திண்மமாகவும் மெதுவான இயக்கத்துக்குப் பாய்மமாகவும் ஒரே பொருள் நடந்துகொள்ளலாம் என்று ஸ்டோக்ஸ் விடை தேடினார். கூர்மையான விடைதான்.

இதைவிடக் கடினமான கேள்வி, பூமி நகரும்போது ஈதரும் கூடவே வருகிறதா என்பது. ஒளிபுகும் பொருள்கள் தம் ஒளிவிலகல் எண்ணுக்கு ஏற்ப ஈதரை ஓரளவே இழுக்கும் என்று 1818இல் ஃபிரெனெல் கணித்திருந்தார். பூமியின் பரப்பருகே ஈதர் முழுவதுமாக உடன் நகர்கிறது என்றார் ஸ்டோக்ஸ். ஓடும் நீருக்குள் ஒளியைச் செலுத்தி 1851இல் ஃபிசோ பெற்ற அளவு ஃபிரெனெலின் பக்கம் நின்றது. 1886இல் அச்சோதனையைத் திருத்தமாக மீண்டும் செய்து ஃபிரெனெலின் கணக்கை உறுதிப்படுத்தியவர்கள் வேறு யாருமல்லர், மைக்கெல்சனும் மோர்லியுமே.

மறு ஆண்டு கிளீவ்லாந்தில், பாதரசத்தில் மிதந்த மணற்கல் பலகைமீது அவர்கள் கண்ணாடிகளை அமைத்தார்கள். ஒளி பலமுறை எதிரொளித்து ஏறத்தாழ 11 மீட்டர் சென்றது. ஃபிரெனெல் கருதியபடி பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அசையாத ஈதரினூடே நகர்ந்தால், கருவியைத் திருப்பும்போது குறுக்கீட்டுப் பட்டைகள் 0.4 பட்டை அளவு இடம்பெயர வேண்டும். கண்டதோ அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஓராண்டுக்கு முன் ஃபிரெனெலை மெய்ப்பித்த அதே கைகள் இப்போது அவருக்கு எதிரான சான்றைத் தந்தன. இந்த முரணை நீக்காமல் ஈதரைக் கைவிடவும் வழியில்லை, காப்பாற்றவும் வழியில்லை. 1887ஐ முடிவாகக் காட்டும் பாடநூல்கள் இந்த முடிச்சைத்தான் மறைத்துவிடுகின்றன.

இந்த முடிச்சை அவிழ்க்க 1889இல் ஃபிட்ஸ்ஜெரால்டும், 1892இல் தனியாக லோரென்சும், நகரும் பொருள்கள் இயக்கத் திசையில் சுருங்குகின்றன என்ற கருத்தை முன்வைத்தனர். லோரென்சின் ஈதரில் விறைப்பும் இல்லை, இழுபடும் தன்மையும் இல்லை. அது அசையாமல் இருந்தது, அவ்வளவே. மின்காந்தப் புலங்கள் தங்குவதற்கு ஓர் இடமாக மட்டும் எஞ்சிய அதை, 1905இல் தம் சார்பியல் கொள்கையில் ஐன்ஸ்டைன் தேவையற்றது என்று ஒதுக்கினார். அது இல்லை என்று நிறுவும் வேலையில் அவர் இறங்கவில்லை. தம் சமன்பாடுகளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

1920இல், லோரென்ஸ் பணியாற்றிய லைடன் பல்கலைக்கழகத்தில் உரையாற்றியபோது ஐன்ஸ்டைன் அச்சொல்லை மீண்டும் எடுத்தார். லோரென்ஸ் ஈதருக்கு விட்டுவைத்த ஒரே இயந்திரவியல் பண்பு அசையாமை என்றும், சார்பியல் அதையும் எடுத்துவிட்டது என்றும் விளக்கினார். பொதுச் சார்பியலில் வெளிக்கே இயற்பியல் பண்புகள் உண்டு என்பதால் அதை ஈதர் என்று அழைக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த ஈதரைக் காலத்தினூடே தொடரக்கூடிய பகுதிகளாகக் கருதக் கூடாது, இயக்கம் என்ற கருத்தை அதற்குப் பொருத்தவும் கூடாது என்று வரம்பிட்டார்.