பி.டி. மாஸ்டருக்கு யார் மாஸ்டர்?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நண்பர் கேட்ட கேள்வி இது. இருபது வருஷமாகப் பள்ளியில் விசில் ஊதுபவர்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊராச்சே, முதலில் பிரான்சைப் பார்த்தேன். அங்கே 1852-லேயே ழுவான்வீலில் உடற்பயிற்சி ஆசிரியர்களைத் தயாரித்தது ராணுவம். நம்ம பக்கம் எச்.சி. பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பாடம் நடத்தியவரே 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியையும் கூட்டிப் போனார். மைதானம் வேறு, வகுப்பறை வேறு என்றில்லை.

1957-இல் குவாலியரில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு வந்தது. பட்டதாரியை உருவாக்குபவருக்கு அதைவிடப் பெரிய பட்டம் வேணுமே! இன்று பல்கலைக்கழகத்தில் சேர முதுகலையோடு நெட் அல்லது முனைவர் பட்டம் வேண்டும். விசில் கணக்கில் வராது.

"அப்போ பக் துரையே வந்தாலும் நெட் எழுதணுமா?" என்று சிரித்தார் நண்பர்.