குருதி சொன்ன சாட்சி

1916ஆம் ஆண்டில் எட்மண்ட் வைல், ஆர்தர் பெலிக்ஸ் என்னும் அறிஞர் இருவர் ஒரு புதுமையை வெளியிட்டனர். டைபஸ் காய்ச்சலுற்றோரின் குருதித் தெளிநீரைப் புரோட்டியஸ் என்னும் பாக்டீரியாவின் எக்ஸ்19 வகையோடு கலந்தால், அக்கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. குருதியிலுள்ள எதிர்ப்பொருள்களின் வேலை அது. வியப்பு யாதெனில், புரோட்டியஸ் டைபஸ் நோயை உண்டாக்கும் கிருமியே அன்று. உண்மைக் கிருமியாகிய ரிக்கெட்சியா உயிருள்ள உயிரணுக்களுக்குள் அன்றி வளராது. ஆதலின், எளிதில் வளரும் புரோட்டியஸ் அதற்குப் பதிலாள் ஆயிற்று.

இச்சோதனை மலாயாவில் எதிர்பாராத பயனைத் தந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் 1920களின் நடுவில் வில்லியம் பிளெட்சரும் லெஸ்லரும் டைபஸ் நோயாளிகளை ஆராய்ந்தனர். கிங்ஸ்பரி என்பார் லண்டனிலிருந்து கொணர்ந்த புரோட்டியஸ் வளர்ப்பு ஒன்று அவர்களிடம் இருந்தது. எக்ஸ்19 என்றே கருதப்பட்ட அது உண்மையில் வேறு வகை. பட்டணத்து நோயாளிகளின் தெளிநீர் எக்ஸ்19ஐத் திரளச் செய்தது. புதரிலும் தோட்டத்திலும் நோயுற்றோரின் தெளிநீரோ கிங்ஸ்பரி வகையையே திரளச் செய்தது. வளர்ப்பு கெட்டுவிட்டது என்று அதனைக் கொட்டிவிடாமல், காய்ச்சலே இரண்டு என்று அவ்விருவரும் கண்டதுதான் பெருஞ்செயல். அவ்வகை பின்னர் ஓ.எக்ஸ்.கே எனப் பெயர் பெற்றது. ஈற்றிலுள்ள ‘கே’ கிங்ஸ்பரியைக் குறிப்பது.

இது வெறும் ஏட்டுப் பிரிவினை அன்று. பட்டணத்துக் காய்ச்சல் எலியின் தெள்ளுப்பூச்சியால் பரவுவது. புதர்க் காய்ச்சல் லாலான் புல்லிலும் புதரிலும் வாழும் சிற்றுண்ணியின் இளம்புழுக் கடியால் வருவது. புதிதாகத் திருத்திய செம்பனைத் தோட்டங்களில் அது தொழிலாளரைப் பற்றியது. அத்தோட்டங்களில் உழைத்தோருள் தமிழர் பலர். எலியை ஒழித்து அவர்களைக் காத்திருக்க இயலாது. குணமாக்கும் மருந்தோ 1948இல்தான் கிடைத்தது. குளோரம்பெனிக்கால் புதர்க் காய்ச்சலைத் தீர்ப்பதை அவ்வாண்டில் கோலாலம்பூரில் நடந்த சோதனைகள் மெய்ப்பித்தன.

திரளுதலை உறவுக்குச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். புரோட்டியசும் ரிக்கெட்சியாவும் நெருங்கிய இனத்தன அல்ல. மேற்பரப்பில் அமைந்த சில பொருள்களின் ஒப்புமையே எதிர்ப்பொருளை ஏமாற்றுகிறது. ஆயின் ஒற்றுமையைக் காட்டுவதில் தவறிய சோதனை, வேற்றுமையைக் காட்டுவதில் தவறவில்லை. மரபுப்பொருளின் வரிசையையும் உயிரணுச் சுவரின் அமைப்பையும் ஒப்பிட்ட அறிஞர்கள், 1995இல் புதர்க் காய்ச்சல் கிருமியை ரிக்கெட்சியா இனத்தினின்று நீக்கி, ஓரியன்சியா என்னும் தனியினமாக்கினர். பட்டணத்துக் காய்ச்சலின் கிருமி பழைய இனத்திலேயே நின்றது.